ஸ்பேஸ் டைவர்சிட்டி: இரண்டாவது ஆன்டெனாவை எங்கே மாட்டக் கூடாது

ஒரு ஆன்டெனாவில் சிக்னல் குறையும்போது மற்றது காப்பாற்றும் என்று, ஒரே டவரில் உயரம் மாற்றி இரண்டு ஆன்டெனா மாட்டுவதுதான் ஸ்பேஸ் டைவர்சிட்டி. அந்த இரண்டாவதை டவரில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே மாட்டிவிடுவது. டவருக்கு டவர் ரேடியோ அலையால் இணைக்கும் மைக்ரோவேவ் லிங்க்குகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்கள் நின்றால் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் சிக்னல் குறையும், செலவுதான் இரட்டிப்பு. 150 முதல் 200 அலைநீளமாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. 6 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 செ.மீ., ஆக 200 அலைநீளம் என்றால் 10 மீட்டர்.

சரி, தள்ளத் தள்ள நல்லதுதானே? வளிமண்டல அடுக்குகளால் வரும் ஃபேடிங்குக்கு (சிக்னல் அவ்வப்போது மங்குவதற்கு) ஓரளவு அப்படித்தான். ஆனால் பாதை ஏரி, கடல், உப்பளம் மேல் போனால் கதை வேறு. நேராக வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் சேர்ந்து, டவரின் உயரவாக்கில் சிக்னலை மேடும் பள்ளமுமாக அடுக்கிவைக்கும். 6 கிகாஹெர்ட்ஸ், 40 கி.மீ. தூரம், எதிர்முனை ஆன்டெனா நீர்ப்பரப்புக்கு மேல் 60 மீட்டர் என்றால், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே சுமார் 16.7 மீட்டர். அதில் பாதி, 8.3 மீட்டர் வைத்தால் ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 17 மீட்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். அந்த 60 மீட்டர் வெறும் டவர் உயரம் அல்ல, பூமியின் வளைவைக் கழித்த உயரம். இதைக் கோட்டைவிடுபவர்கள் நிறைய. காற்றில் அலை வளையும் அளவு மாற மாற அந்த உயரமும் மாறும் என்பதால், கே மதிப்பு (அந்த வளைவைக் கணக்கில் சேர்க்கப் பூமியின் ஆரத்தைப் பெருக்கும் எண்) ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள்.

இடைவெளி வேண்டுமே என்று கீழ் ஆன்டெனாவை இறக்கிக்கொண்டே போய் மரத்திலோ கட்டடத்திலோ முட்டவிடுவதும் நடக்கிறது. கே 4/3 என்ற நிலையில், முதல் ஃபிரெஸ்னெல் மண்டல (நேர்ப்பாதையைச் சுற்றி அலைக்குத் தேவையான வெளி) ஆரத்தில் 60 விழுக்காடு அதற்கும் திறந்திருப்பது நல்லது. பக்கவாட்டில் தள்ளி மாட்டுவதால் இந்த வகை லிங்க்கில் பெரிய பயன் இல்லை. அடுக்குகளும் பிரதிபலிப்பும் சிக்னலை மாற்றுவது முக்கியமாக உயரவாக்கில்தான்.

கீழே சின்ன டிஷ் போதும் என்பார்கள். போதும்தான், ஆனால் கெயின் (சிக்னலைக் குவிக்கும் திறன்) 3 டெசிபல் குறைந்தால் டைவர்சிட்டியால் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆன்டெனாக்களை ரேடியோவுடன் இணைக்கும் இரண்டு ஃபீடர்களின் நீள வித்தியாசத்தால் வரும் தாமதத்தையும் ரேடியோவில் சரிக்கட்டியாக வேண்டும்.

அப்புறம், மழை. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் லிங்க்கைப் படுக்கவைப்பது மழை என்றால், ஒரே டவரில் எத்தனை மீட்டர் தள்ளி மாட்டினாலும் இரண்டு ஆன்டெனாவும் அதே மழைக்குள்தான்.