மலர் தொகுக்கும்போது ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது எப்படி

ஆலய மலரோ தமிழ்ப்பள்ளி மலரோ, கோலாலம்பூரில் எதைத் தொகுத்தாலும் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள் வந்து நிற்பார்கள். எழுத உட்காரும் முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு போடுங்கள். தலைப்பெழுத்தின் விரிவு, பிறந்த இறந்த ஆண்டுகள், ஊர், வகித்த பதவி, அதன் காலம், தகவல் எங்கே கிடைத்தது என்பவை முன்பக்கத்தில். பட்டங்கள் பின்பக்கத்தில் போதும். டத்தோ, டான் ஸ்ரீ, துன் என்று ஒருவருக்கே பட்டம் ஏறிக்கொண்டு போகும். அதை வைத்து அடுக்கினால் ஒருவரே மூவராகிவிடுவார்.

அதிகம் கலந்துபோகிறவர்கள் இரண்டு அப்துல் ரஹ்மான்கள். துவாங்கு அப்துல் ரஹ்மான் (1895–1960) நெகிரி செம்பிலான் ஆட்சியாளர், நாட்டின் முதல் மாமன்னர். ரிங்கிட் நோட்டில் இருப்பது அவர் முகம். மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் பழைய 'பத்து ரோடு' (Batu Road) இன்று தாங்கியிருப்பதும் அவர் பெயரைத்தான். துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா (1903–1990) அலோர் ஸ்டாரில் பிறந்த கெடா இளவரசர், முதல் பிரதமர். 1957-இல் இருவருமே பதவியில் இருந்ததால் ஆண்டு மட்டும் கைகொடுக்காது. பதவியைப் பாருங்கள், படத்தை நோட்டோடு ஒப்பிடுங்கள்.

தலைப்பெழுத்தும் ஒன்றாகிவிட்டால் தந்தை பெயர்தான் வழி. ம.இ.கா.வில் (மலேசிய இந்திய காங்கிரஸ் கட்சி) எஸ். சுப்பிரமணியம் இருவர். ஒருவர் சின்னையாவின் மகன், கட்சித் தலைவர் சாமிவேலு காலத்தில் நெடுநாள் துணைத் தலைவர். மற்றவர் சதாசிவத்தின் மகன், டாக்டர்; 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சர், அந்தக் காலத்திலேயே கட்சித் தலைவரும் ஆனவர். இடம் போதவில்லை என்று 'டாக்டர்' என்பதை வெட்டும் அந்த இடத்தில்தான் ஆள் மாறிவிடுகிறார். தேசிய அளவில் அறியப்பட்டவரின் பெயரை முதல் முறை எழுதும்போதே தந்தை பெயரோடு முழுதாக எழுதுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 5-ஆவது மாமன்னரும் (1970–75) 14-ஆவது மாமன்னரும் (2011–16) கெடாவின் துவாங்கு அப்துல் ஹாலிம் ஒருவரே. பட்டியலில் இரண்டு வரி கண்டதும் இரண்டு சீட்டு போட்டுவிடாதீர்கள். பிறந்த ஆண்டும் மாநிலமும் ஒத்துப்போனால் சீட்டுகளை ஒன்றாக்குங்கள்.

அச்சுக்குப் போகும் முன் பெயரகராதியில் அடைப்புக்குள் பதவியைச் சேர்த்து, ஒவ்வொரு படத்தின் அடிக்குறிப்பையும் சீட்டோடு இன்னொருவர் சரிபார்க்கட்டும். எழுதியவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாது.