படித்தது நிற்பதில்லை, யோசனை வருவதில்லை: எங்கே தவறுகிறோம்?

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் ஈரோடு, நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இதே நிலைமைதான். பிள்ளை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே அதே பாடத்தை நான்காவது முறை படிக்கும். அப்பா வல்லாரைப் பொடி வாங்கி வருவார். அம்மா இரவு பத்து மணிக்கு டீ போட்டுக் கொடுப்பார். அக்கறையில் குறையே இல்லை. ஆனால் இவையெல்லாம் உள்ளே எதையாவது ஏற்றும் வேலைகள். ஏற்றியதை வெளியே எடுத்துப் பார்க்கவும், அது படிந்து நிற்கவும் நேரம் ஒதுக்குவதில்லை. மூளைத் திறனைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பாடத்தை இரண்டு முறை படிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்ததுதான் அதிகம் நினைவிருந்தது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தது 42-க்கு இறங்கியது. எழுதிப் பார்த்தது 56-ல் நின்றது. ராத்திரி படித்துக் காலையில் ஒப்பிக்கும் பிள்ளை அடுத்த மாதத் தேர்வில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

செய்ய வேண்டியது எளிது. அரை மணி நேரம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் நினைவில் இருப்பதை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்புப் பேனாவில் சேர்க்கட்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று அதே பாடத்தை மறுபடி எழுதிப் பார்த்தால் சிவப்பு குறைந்துகொண்டே வரும். இது கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, நினைவுக்கு வராத நொடியிலேயே புத்தகத்தை எட்டிப் பார்ப்பது. அந்தத் தேடலில்தான் நினைவு உறுதிப்படுகிறது. ஒரு நிமிடமாவது தவிக்க விடுங்கள். இன்னொன்று, எழுதாமல் "தெரியும் தெரியும்" என்று மனசுக்குள்ளேயே டிக் அடித்துவிட்டுப் போவது. எழுத நேரமில்லாத நாளில், சாப்பிடும்போது "இன்னைக்கு என்ன படிச்சே கண்ணு, எனக்குச் சொல்லு பாக்கலாம்" என்று அம்மா கேட்டாலே போதும். அம்மாவுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் பிள்ளை திக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

கணக்கிலும் இதே கோளாறு உண்டு. ஒரே வகைக் கணக்கை முப்பது முறை போட்டால் கை ஓடும். எந்தச் சூத்திரம் என்பதைத்தான் பாடத் தலைப்பே சொல்லிவிடுகிறதே! தேர்வில் தலைப்பு இருக்காது. இன்றைய பாடத்தில் ஐந்து, பழைய பாடங்களில் ஐந்து எனக் கலந்து போட வையுங்கள். முதல் வாரம் மதிப்பெண் குறையும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது தூக்கம். இதில் பள்ளி விடுதிகளையும் பெற்றோரையும் வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. இரவு 11 மணிக்குப் படுத்த பிள்ளையை அதிகாலை 4.30-க்கு எழுப்பினால் ஐந்தரை மணி நேரம்தான் கிடைக்கிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது நிலையான நினைவாக மாறும் வேலையில் பெரும்பங்கு உறக்கத்தில்தான் நடக்கிறது. அதை வெட்டி நீட்டிய படிப்பு நேரம் லாபக் கணக்கில் வராது. டீ, காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். பத்து மணி டீ அதிகாலை மூன்று மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். மாலை நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வல்லாரையைக் கீரையாகக் கடைந்து சாப்பிடுங்கள், தவறில்லை. மதிப்பெண் ஏறும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். கவனம் நிற்காத, சீக்கிரம் களைத்துப்போகும் பெண்பிள்ளைக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. காரணத்தை மருத்துவர் பார்க்கட்டும்; இரும்புச்சத்துக் குறைவு என்றால் அவர் தரும் மாத்திரைதான் வழி. மாத்திரையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் 'மிட்பிரைன்' வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். நடுமூளைக்கு அந்த வேலையே கிடையாது. பிள்ளைகள் மூக்கோர இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள்.

புது யோசனை விஷயத்தில் தொழிலிடங்களில் நடக்கும் பெரிய தவறு, முதலாளி முதலில் பேசுவது. திருப்பூரில் ஒரு சாம்பிள் டி-சர்ட்டின் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுபடும் பட்டி) அலை அலையாக நிற்கிறது என்று வையுங்கள். "டெய்லர் இழுத்துத் தச்சிருப்பாங்க" என்று முதலாளி சொல்லிவிட்டால் அத்தோடு கூட்டம் முடிந்தது. ரிப் நீளமாக வெட்டப்பட்டிருக்கலாம். துணியும் ரிப்பும் துவைத்த பின் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கலாம். அது கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும், செக்கிங்கில் நிற்கும் அக்காவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேருமே வாய் திறக்க மாட்டார்கள்.

கூடிப் பேசினால்தான் யோசனை கொட்டும் என்பதும் முழு உண்மையில்லை. 1958-லேயே யேல் பல்கலைக்கழகச் சோதனையில், நான்கு பேர் சேர்ந்து சொன்னதைவிட நான்கு பேர் தனித்தனியாக எழுதிச் சேர்த்தது அதிகமாக இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் வந்த யோசனை நழுவிவிடும். அதனால் முதலில் பத்து நிமிடம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் பெயர் போடாமல் ஐந்து காரணம் எழுதட்டும். சீட்டைக் கலந்து ஒருவர் வாசிக்கட்டும். முதலாளி கடைசியில் பேசட்டும்.

முதல் ஊகத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வதும் யோசனையை அடைக்கும். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாசலம் முருகானந்தம் பஞ்சை வைத்துத்தான் தொடங்கினார், அது பயன்படவில்லை. கம்பெனி நாப்கினில் இருப்பது மரக்கூழ் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேலானது. எதையும் தொடங்கும் முன் "இது இதுதான் என்று எதை நான் சோதிக்காமலே நம்புகிறேன்?" என்று மூன்று வரி எழுதி, எந்த வரியைச் சோதிக்கச் செலவு குறைவோ அதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

மூளை அடைத்துக்கொண்டால் நாற்காலியிலேயே உட்கார்ந்து முட்டிக்கொள்ளாமல் எழுந்து நடங்கள். நடக்கும்போது யோசனைகள் கூடுவதை 2014-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரி ஓர் இடத்தில் ஒரு சுற்று வரும்போது போனைப் பையிலேயே விட்டு, தோன்றுவதைச் சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எது சரி, எது வேண்டாம் என்று கழிப்பதை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபின் செய்யுங்கள்.