இந்தியாவுல ஸ்டாப்பர் பேக்கா பதினஞ்சு வருஷம் பொழைக்கிறது எப்படி

கிளப்பு கிளப்பா மாறி மாறி ஆடி, பெரிய ஸ்டார் ஆகாம, ஆனா வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் கூப்பிட்டு கான்ட்ராக்ட் குடுக்குற மாதிரி ஃபுட்பால்ல ஒரு ஸ்டாப்பரா, அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்குற டிஃபெண்டரா இருக்கணும்னா என்ன பண்ணனும், அதத்தான் எழுதப் போறேன். ஸ்டார் ஆகறது எப்படின்னு எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. படிக்கிறது பெரும்பாலும் 17, 18 வயசு பசங்கதான்னு நெனச்சு நீ வா போன்னே எழுதுறேன், பெரியவங்க கோச்சுக்காதீங்க.

மொதல்ல ஒரு ஆள தெரிஞ்சுக்கோ. அனஸ் எடத்தொடிகா. மலப்புரம் மாவட்டம் கொண்டோட்டிக்காரரு, 1987ல பொறந்தவரு, சின்ன வயசுல ஆட்டோ ஓட்டிக்கிட்டே பந்து ஆடினவரு. 2007ல மும்பை எஃப்சி, 2011ல புனே எஃப்சி, 2015ல டெல்லி டைனமோஸ், அங்கேருந்து மோகன் பகான், 2017ல ஜாம்ஷெட்பூர், 2018ல கேரளா பிளாஸ்டர்ஸ், 2019ல ஏடிகே, அப்புறம் திரும்ப ஜாம்ஷெட்பூர், கோகுலம் கேரளா, கடைசியா 2024ல சொந்த மாவட்டத்து டீமான மலப்புரம் எஃப்சி. இந்தியா ஜெர்ஸி மொத தடவ போட்டது 2017 மார்ச்ல, கம்போடியாவுக்கு எதிரா, அப்ப வயசு 30. முப்பது வயசுல நம்மாளுங்க பாதி பேரு பூட்ஸ எவனுக்காவது குடுத்துட்டு ஆபீஸ் போயிட்டு இருப்பாங்க.

இப்ப அந்த கிளப் லிஸ்ட திரும்ப ஒரு தடவ பாரு. புனே எஃப்சி 2014-15 சீசனோட முடிஞ்சுது, மும்பை எஃப்சி 2017ல மூடியாச்சு, டெல்லி டைனமோஸ் 2019ல புவனேஸ்வருக்கு மூட்ட கட்டி ஒடிசா எஃப்சி ஆயிடுச்சு, ஏடிகே 2020ல மோகன் பகானோட சேந்துடுச்சு. நாலு கிளப்பு போச்சு, அந்த ஆளு மட்டும் ஆடிக்கிட்டே இருந்தாரு. இந்தியாவுல இந்த தொழிலோட சூட்சுமமே இதுதான், எந்த கிளப்பையும் நம்பி கரியர் கட்டாத, எந்த கிளப்புக்குப் போனாலும் அடுத்த சனிக்கெழம எறக்கிவிடக்கூடிய ஆளா உன்ன வச்சுக்கோ. ஃபார்வர்டுக்கு ஒரு சீசன் கோல் அடிச்சா பேரு வந்துடும், ஸ்டாப்பருக்கு பேரு வர்றதே ஒரு கோச் இன்னொரு கோச்சுக்கு ஃபோன்ல சொல்றதாலதான்.

எங்க ஆரம்பிக்கிறது

மலப்புரம் பக்கம் பசங்களுக்கு செவன்ஸ் இருக்கு. ஏழு பேரு ஒரு டீமு, தற்காலிக கேலரி, ராத்திரி லைட்ல மேட்ச், கையில காசு. நெருக்கடியில ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து அடிக்கிற ஆட்டத்துல டேக்கிள், ஹெடர், தைரியம் எல்லாம் தானா வந்துடும், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சின்ன கிரவுண்டுல லைன் புடிக்கிறது, அதாவது டிஃபெண்டருங்க எல்லாரும் ஒரே வரிசையா நிக்கிறது, பின்னாடி நாப்பது கஜம் காலியா விட்டுட்டு மேல ஏறி நிக்கிறது, இதெல்லாம் கத்துக்க முடியாது. அதுக்கு பதினோரு பேர் ஆட்டம்தான், சென்னைன்னா சீனியர் டிவிஷன் மாதிரி லீக்ல ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கோ கிளப்புக்கோ ரெகுலரா ஆடணும். இன்னொன்னு, கிளப்புல சைன் பண்ணினதுக்கு அப்புறம் பழைய ஃப்ரெண்டு கூப்பிட்டான்னு செவன்ஸ்ல எறங்காத, முட்டி போச்சுன்னா கிளப்பு கான்ட்ராக்ட காட்டி கை விரிச்சுடும்.

எந்த பொசிஷன்

இது கணக்கு. 2014ல ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பிச்சப்ப கிரவுண்டுல ஆறு வெளிநாட்டுக்காரன் ஆடலாம், 2017-18ல அது அஞ்சாச்சு, 2021-22ல நாலாச்சு. நாலு பேர்தான்னா கிளப்பு காச எங்க போடும்? கோல் அடிக்கிறவன், அவனுக்கு பந்து போடுறவன், நடுவுல ஒருத்தன், பின்னாடி ஒரு ஸ்டாப்பர். அந்த வெளிநாட்டு ஸ்டாப்பருக்கு பக்கத்துல நிக்கிற எடம் இருக்கு பாரு, அது உனக்கு. அதனால உன்னோட வேலையில பாதி பக்கத்துல இருக்கறவன் மேல போறப்ப அவன் விட்ட எடத்த மூடுறது. எடது கால்ல ஆடுவேன்னா உன் மதிப்பு தனி, எடது கால் ஸ்டாப்பர் இங்க ரொம்ப கம்மி. வலது கால் ஆளுன்னா ரைட் பேக்கும் ஆடப் பழகிக்கோ, ஏன்னா பென்ச்ல உக்கார எடம் கொஞ்சம்தான், ரெண்டு பொசிஷன் ஆடுறவனத்தான் கோச் கூட்டிட்டுப் போவாரு. ட்ரையல்ஸ்ல யாராவது கேட்டா எல்லா பொசிஷனும் ஆடுவேன்னு மட்டும் சொல்லாத, எதுவும் சரியா ஆட மாட்டான்னுதான் எழுதிக்குவாங்க.

புது கிளப்புல மொத வாரம்

இதுலதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ஜிம்முல எவ்வளவு தூக்குறேன்னு காட்டுறதுல யாரும் மயங்க மாட்டாங்க. ஹோட்டல்ல பையப் போட்ட உடனே கீப்பர் எங்கன்னு தேடிப் போ. அவன் மணிப்பூர்காரனா இருக்கலாம், கோவாக்காரனா இருக்கலாம், பஞ்சாபியா இருக்கலாம், கூட உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே மூணு விஷயம் கேளு. கிராஸ் (ஓரத்துலேருந்து கோல் முன்னாடி தூக்கிப் போடுற பந்து) வந்தா ஆறு கஜ பாக்ஸ விட்டு வெளிய வருவியா, லைன்லயே நிப்பியா? வர்றதுன்னா என்னன்னு கத்துவ? பேக் பாஸ் எந்த கால்ல வேணும்?

ஏன் இதக் கேக்க சொல்றேன்னா, இப்படி யோசி. எடது பக்கத்துலேருந்து கிராஸ் வருது, நீ நியர் போஸ்ட் பக்கம் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்க, உன் தோளுக்குப் பின்னாடி எதிர் டீமோட நம்பர் ஒம்போது, அதான் கோல் அடிக்கிற ஃபார்வர்டு, மூச்சு விடுறது கேக்குது, கூட்டத்துல எதுவும் காதுல விழல, கீப்பர் ஏதோ கத்துறான். அது "எனக்கு விடு"வா, "அடிச்சு வெளிய தள்ளு"வா? அரை செகண்ட் யோசிச்சா போச்சு, நீயும் குதிப்ப கீப்பரும் குதிப்பான், பந்து ரெண்டு பேருக்கும் நடுவுல விழும், அந்த ஒம்போது சும்மா தட்டி விடுவான். மறுநாள் வீடியோ மீட்டிங்ல நிறுத்தி நிறுத்தி காட்டுறது உன் மூஞ்சியத்தான், ஏன்னா நீதான் புதுசு. இந்த ஒரு கோல்ல ஆறு மேட்ச் பென்ச்ல உக்காந்தவங்க இருக்காங்க.

அப்புறம் கோச்சிங் ஸ்டாஃப்ல யாரு செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி) பாக்குறாங்கன்னு கேட்டு, கார்னர்ல ஆளுக்கு ஒரு எடத்த காக்குற ஸோனா, ஆளுக்கு ஒரு ஆள புடிக்கிற மேன் மார்க்கிங்கா, ரெண்டும் கலந்தா, உன் எடம் எங்கன்னு மொத நாளே தெரிஞ்சுக்கோ. சைடு பேக்கோட பேரு, அவன் மேல ஓடுற பழக்கம் உள்ளவனா, ஓடினா திரும்பி வர்றவனா, அதையும். பாஷை ஒரு பிரச்சனையே இல்ல, கத்துறதுக்கு பத்து வார்த்தை போதும். பீச்சே (பின்னாடி), சோடோ (விடு), நிகாலோ (வெளிய தள்ளு), மேன் ஆன் (உன் மேல ஆள் வர்றான்), டைம் (நேரம் இருக்கு), அப் அப் அப், இவ்வளவுதான் ஒரு ஸ்டாப்பரோட ஹிந்தி இங்கிலீஷ் எல்லாம். ஆனா வாய மூடிட்டு ஆடுற ஸ்டாப்பர எந்த கோச்சும் ரெண்டாவது வருஷம் வச்சுக்க மாட்டாரு. எதிர் டீம் பந்த பின்னாடி பாஸ் பண்ணாங்கன்னா லைன ஏத்துறது உன் குரல், சரியா தப்பான்னு அப்புறம் பாத்துக்கலாம், கத்தணும்.

பேப்பர்

இத அப்பா, மாமா, ஏஜென்ட்னு யார் தலையிலயும் கட்டாம நீயே படி. ஃபிஃபா ரூல்படி கான்ட்ராக்ட் அதிகபட்சம் அஞ்சு வருஷம், 18 வயசு ஆகலன்னா மூணு வருஷம்தான் போட முடியும். முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடிலேருந்து வேற கிளப்போட சைன் பண்ணிக்கலாம். மெடிக்கல் பாஸ் ஆனாதான் கான்ட்ராக்ட் செல்லும்னு ஒரு வரி போட்டு நீட்டுவாங்க, அப்படி போடக் கூடாதுன்னே ரூல் இருக்கு, மெடிக்கல எல்லாம் சைன் பண்றதுக்கு முன்னாடியே அவங்க முடிச்சுக்கணும். ஒரு சீசன்ல மூணு கிளப்புல பதிவு பண்ணலாம் ஆனா ரெண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும், அதனால ஜனவரில அவசரப்பட்டு தாவுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாரு.

சம்பளம்தான் பெரிய தலைவலி. ரெண்டு மாசம் சம்பளம் வரலன்னா, எழுத்துல நோட்டீஸ் குடுத்து 15 நாள் டைம் குடுத்து, அப்பவும் கட்டலன்னா கான்ட்ராக்ட முறிச்சுட்டுப் போகலாம்னு ஃபிஃபா ரூல்ல 14பிஸ்னு ஒரு பிரிவு இருக்கு. அதே வரிய உன் கான்ட்ராக்ட்லயும் போடச் சொல்லு. வாட்ஸ்அப்ல "சார் சேலரி ப்ளீஸ்"னு அனுப்புறது நோட்டீஸ் ஆகாது, ஈமெயில்ல தேதி போட்டு, எந்த மாசம் எவ்வளவுன்னு எழுதி அனுப்பு. தகராறு ஆனா இந்திய ஃபுட்பால் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப்ல பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி இருக்கு, வீரர்களுக்குன்னு 2006ல ஆரம்பிச்ச ஃபுட்பால் பிளேயர்ஸ் அசோசியேஷனும் இருக்கு, அவங்கள கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. அப்புறம், மேனேஜர் "மாசம் இவ்வளவு"ன்னு சொன்னா எத்தன மாசத்துக்குன்னு கேளு. பன்னண்டு மாசமா, சீசன் நடக்குற மாசம் மட்டுமா, அங்கதான் வித்தியாசமே. வரி புடிச்சா அந்த வருஷத்து ஃபார்ம கிளப்பு உயிரோட இருக்கும்போதே வாங்கிக்கோ, ஆபீஸ் பூட்டினதுக்கு அப்புறம் வாட்ச்மேன்கிட்டயா கேப்ப?

2025 ஜூலைல ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வச்சாங்க, லீக் நடத்துற ஒப்பந்தம் புதுப்பிக்காம இழுத்ததால. சில கிளப்புங்க சம்பளத்தையே நிறுத்திடுச்சு. அதனால நான் சொல்றது, கையில எப்பவும் எட்டு மாச குடும்பச் செலவு தனியா கெடக்கணும். மொத பெரிய சம்பளத்துல கார் வாங்குறவன எனக்குப் புடிக்கவே புடிக்காது, அது வேற விஷயம்.

எப்ப தாவணும், எப்ப இருக்கணும்

அனஸ் கதையில கவனிக்க வேண்டியது, மொத ரெண்டு கிளப்புல நாலு நாலு வருஷம் இருந்தாரு. வருஷம் ஒரு கிளப்புன்னு மாறினது எல்லாம் பேரு வந்ததுக்கு அப்புறம். அப்பல்லாம் ஐஎஸ்எல் சின்ன சீசன், அது முடிஞ்சு இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக், அதனால டெல்லி, மோகன் பகான்னு ரெண்டுலயும் ஆட முடிஞ்சுது. 2017-18ல ரெண்டு லீக்கும் ஒரே நேரத்துல நடக்க ஆரம்பிச்சுது, எல்லாரும் ஒண்ண தேர்ந்தெடுக்க வேண்டியதாச்சு, கிளப்புங்க முறை வச்சு ஆள எடுக்குற டிராஃப்ட் வச்சாங்க, அதுல ஜாம்ஷெட்பூர் மொத ஆளா எடுத்தது அனஸத்தான், ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு. ஒரு ஸ்டாப்பருக்கு! 22 வயசுல அவரு கிளப்பு கிளப்பா அலைஞ்சிருந்தா இந்த வெல வந்திருக்காது. ஆக, 24 வயசு வரைக்கும் காசு கம்மியானாலும் ஆட வைக்கிற கிளப்புல இரு, பெரிய கிளப்பு பென்ச்ச விட சின்ன கிளப்புல 20 மேட்ச் ஆடினவன் வீடியோதான் அடுத்த கோச் கண்ணுல படும்.

உடம்பு

2019 ஜனவரி 14, ஷார்ஜா, ஆசிய கோப்பை, பஹ்ரைனோட மேட்ச், டிரா பண்ணினாலே அடுத்த ரவுண்டுக்கு வாய்ப்பு இருந்த நெலமை. அனஸ் நாலாவது நிமிஷத்துலயே அடிபட்டு வெளிய வந்துட்டாரு. கடைசில ஒரு பெனால்ட்டில இந்தியா 0-1ன்னு தோத்து வெளிய வந்துச்சு, அவரு இந்தியா டீம்லேருந்து ஓய்வுன்னு அறிவிச்சாரு, அதே வருஷம் திரும்ப கூப்பிட்டப்ப வந்தும் ஆடினாரு. எத்தன வருஷம் உழைச்சாலும் நாலு நிமிஷத்துல முடியலாம்ங்கறதுக்கு இத விட என்ன வேணும். அதனால ஆபரேஷன் செலவு யாரு, அடிபட்டு உக்காந்திருக்கும்போது சம்பளம் உண்டா, இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு, இத கான்ட்ராக்ட்ல எழுத்துல வாங்கு. எம்ஆர்ஐ ரிப்போர்ட், சிடி எல்லாம் உன் கையில ஒரு காப்பி இருக்கணும், கிளப்பு டாக்டர் மாறினா உன் முட்டியோட வரலாறும் அவரோடயே போயிடும்.

முப்பதுக்கு அப்புறம்

கவர்மென்ட் வேலை ஆசை இருந்தா இத இப்பவே கேட்டுக்கோ. மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எண்ணுறது நாட்டுக்கு, மாநிலத்துக்கு, யுனிவர்சிட்டிக்கு ஆடினது. கிளப்புக்கு எத்தன மேட்ச் ஆடினன்னு அங்க கேக்க மாட்டாங்க. அதனால மாநில டீமுங்க மோதுற சந்தோஷ் டிராஃபி கேம்ப்புக்கு கூப்பிட்டா "சின்ன டோர்னமென்ட்டு"ன்னு அலட்சியம் பண்ணாத, கிளப்புல கெஞ்சியாவது போய் ஆடு, சர்டிஃபிகேட்ட லேமினேட் பண்ணாம ஃபைல்ல வை, சில எடத்துல லேமினேட் பண்ணினத வாங்க மாட்டாங்க. வயசு வரம்பு வேற இருக்கு, அத தாண்டிப் போய் நின்னா கவுன்டர்லயே திருப்பி அனுப்புவாங்க.

கோச்சிங் பக்கம் போறதா இருந்தா டி லைசென்ஸ் கோர்ஸ ஆடிக்கிட்டு இருக்கும்போதே ஏதாவது ஒரு ஆஃப்-சீசன்ல முடிச்சுடு, அதுக்கு மேல சி, பி, ஏன்னு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காத்திருக்கணும், பசங்களுக்கு சொல்லிக்குடுத்த கணக்கு காட்டணும், எல்லாத்தையும் ரிட்டயர் ஆனப்புறம் ஆரம்பிச்சா அந்த நாலஞ்சு வருஷம் வீட்டுல சோறு யாரு போடுறது?