ரைஃபிள் உங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும், நீங்க இல்ல

டார்கெட் ரைஃபிள் கைக்கு வந்ததும் அப்படியே சுட ஆரம்பிச்சுடாதீங்க, சேம்பர் (குண்டு உக்காருற அறை) காலியான்னு செக் பண்ணிட்டு, ஸ்க்ரூ திருகுற ஆலன் கீயோட உக்காருங்க. முதல்ல நீளம். ட்ரிகர எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தா பட் பிளேட்ட (தோள்ல பதியுற பின் பக்கத் தகடு) உள்ள தள்ளுங்க. கழுத்த குனிஞ்சு சைட் (குறி பாக்குற பாகம்) பாக்குறீங்கன்னா பட் பிளேட்ட கீழ இறக்குங்க, ரைஃபிள் தானா மேல வரும்.

சீக் பீஸ், அதாவது கன்னத்த வைக்கிற பாகம் தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். கண்ண மூடிட்டு ரைஃபிள தோள்ல வச்சு, தலையோட வெயிட்ட அப்படியே சீக் பீஸ்ல போட்டுட்டு கண்ண திறங்க, பின் சைட்டோட ஓட்டைக்கு நடுவுல முன் சைட் தெரியணும். கன்னத்த அமுக்கினா தான் தெரியுதுன்னா உயரம் ஜாஸ்தி, தலைய தூக்கணும்னா கம்மி. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல பத்து பாயின்ட் புள்ளியே 0.5 மி.மீ. தான், தலை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு இடத்துல உக்காந்தா எங்க போய் அடிக்கிறது?

நான் ஒரே நாள்ல மூணு ஸ்க்ரூவ மாத்தி, ஸ்கோர் விழுந்ததும் எதனாலன்னே தெரியாம முழிச்சேன் (சிரிக்காதீங்க). ஒரு தடவைக்கு ஒரு மாத்தம், ஒரு முப்பது ஷாட் சுட்டுப் பாத்துட்டு தான் அடுத்தது, பழைய இடத்துக்கு பென்சில் மார்க் போட்டு போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. நின்னு சுடுற செட்டிங் படுத்து சுடும்போது ஒத்து வராது, அதுக்கு தனியா குறிச்சு வைங்க.