நமக்கென்று ஓர் உடை பாணி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சில வருஷம் முன்பு எல்லோர் காலிலும் ஸ்கின்னி ஜீன்ஸ். இப்போது தொளதொளவென்று பேகி. 1970களில் கலக்கிய பெல்பாட்டமும் நடுவில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போனது. இதையெல்லாம் துரத்தி வாங்கினால் பீரோ நிறையும். காலையில் கிளம்பும்போது உடுத்த மட்டும் ஒன்றும் அகப்படாது. வேறு வழி இருக்கிறது. செலவும் குறைவு.

படி 1: அழுக்குக் கூடையைப் பாருங்கள்

பீரோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு மாதம் துவைக்கப் போடும் துணிகளைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வருவது எந்த நிறம், எந்தக் கழுத்து, எவ்வளவு நீளக் கை? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பாணியின் பாதி அதில் இருக்கும்.

படி 2: துணியைத் தீர்மானியுங்கள்

சென்னைப் புழுக்கத்தில் பஸ் பிடிப்பவருக்குப் பாலியஸ்டர் தண்டனை, வியர்வையை உறிஞ்சாது. காட்டன்தான் என் முதல் தேர்வு. லினனும் குளுமை, ஆனால் சீக்கிரம் கசங்கும். தினமும் இஸ்திரி போட நேரமில்லை என்றால் வேண்டாம்.

படி 3: அளவைச் சரியாகப் பிடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். அளவு சரியாக இருந்தால் சாதாரணச் சட்டைகூட எடுப்பாகத் தெரியும்.

ரெடிமேட் வாங்கும்போது தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோளை ஆல்டர் செய்வது பெரிய வேலை, பல டெய்லர்கள் தொடவே மாட்டார்கள்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் காட்டன் துணியை நனைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள். லைனிங்கையும் மறக்காதீர்கள். அது மட்டும் பிறகு சுருங்கினால் பிளவுஸ் முழுவதும் இழுத்துக்கொள்ளும். பக்கத் தையலில் உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு பூசினால் பிரித்துக்கொள்ளலாம். அப்புறம், உங்களுக்குக் கச்சிதமாக அமைந்த ஒன்றை அளவுத் துணியாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எந்த டெய்லரிடம் போனாலும் அதைக் கொடுத்தால் போதும்.

படி 4: ட்ரெண்டைச் சோதியுங்கள்

ட்ரெண்டை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. கண்ணில் பட்ட புதுசு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள மூன்று உடைகளோடு சேருமா? சேர்ந்தால் வாங்கலாம். பஃப் கை பிடித்திருந்தால் ஒரே ஒரு பிளவுஸில் வைத்துப் பாருங்கள். பத்துப் பிளவுஸையும் அப்படித் தைத்துவிட்டால் அந்த மோகம் போனதும் பத்தும் மூலையில் கிடக்கும்.

படி 5: விட்டுக்கொடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நீல நிறமோ, கைத்தறியோ, ஏதோ ஒன்று. எனக்கு மதுரைச் சுங்குடி என்றால் உயிர். துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை எடுக்கும் அந்தக் கலையைச் சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். கட்டம் பிடிக்குமென்றால் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி இருக்கிறது. 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டுமே எந்தத் தீபாவளி மாடலுக்கும் முன்பிருந்தே உடுத்தப்படுபவை, அடுத்த வருஷம் பழசாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

சரி, கடைக்குப் போகும்போது முதல் படியில் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். பிடித்த துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பாருங்கள். கடை விளக்கில் நிறம் வேறாகத் தெரியும். கேட்டால் கடைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.