ஒரு நோட்டு, ஒரு பென்சில், யோசேப்பின் எலும்புகள்

வேலையில்லாமல் இருந்த காலத்தில் எரேமியா 29:11-ஐ எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அந்த வசனம்தான். எட்டு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. கர்த்தர்மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒருநாள் அதற்கு முந்தின வசனத்தைப் படித்தேன்: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு! பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதம் வந்தபோது நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருப்பாரா? வசனம் தவறவில்லை. நான்தான் பாதியைக் கிள்ளி எடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் பழைய ஏற்பாட்டு வாக்குத்தத்தங்களை நோட்டும் பென்சிலுமாகத்தான் வாசிக்கிறேன். ஒரு வாக்குத்தத்தத்துக்கு ஒரு பக்கம். மேலே அது சொல்லப்பட்ட இடம், கீழே நிறைவேறிய இடம், நடுவில் கழிந்த ஆண்டுகள். கர்த்தர் அதை யாருக்குச் சொன்னார் என்பதை ஓரத்தில் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுவீர்கள்.

ஆபிராமுக்கு (பின்னாளில் ஆபிரகாம்) வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கில் தொடங்குவது சுலபம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 ஆண்டுகள். பணிப்பெண் ஆகார், அவள் பெற்ற இஸ்மவேல், மனைவி சாராளின் சிரிப்பு எல்லாம் அந்த இடைவெளிக்குள் வருகின்றன. அவற்றையும் எழுதுங்கள்.

கானான் தேசத்தை ஆபிரகாமின் சந்ததிக்குத் தருவேன் என்ற வாக்குத்தத்தத்துக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். வாக்குப் பெற்ற ஆபிரகாம் கடைசியில் காசு கொடுத்து வாங்கியது ஒரு கல்லறை நிலம்: மக்பேலா, 400 சேக்கல் வெள்ளி. சந்ததியார் 400 வருஷம் அந்நிய தேசத்தில் உபத்திரவப்படுவார்கள் என்று ஆதியாகமம் 15-லேயே தேவன் சொல்லிவிடுகிறார். காத்திருக்க வேண்டிய காலத்தை அவர் மறைக்கவே இல்லை. அடுத்து, பலர் தாண்டிப்போகும் ஒரு இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமின் கொள்ளுப்பேரன் யோசேப்பு எகிப்தில் சாகும்போது, ‘தேவன் நிச்சயமாய் உங்களைச் சந்திப்பார்’ என்று சொல்லி, தன் எலும்புகளை எடுத்துப்போகும்படி ஆணையிடுவிக்கிறான். ஆதியாகமம் எகிப்தில் அவன் உடலை வைத்த ஒரு பெட்டியோடு முடிகிறது, வேறு எதுவும் இல்லை. யாத்திராகமம் 13:19-இல் மோசே அந்த எலும்புகளை எடுத்துக்கொள்கிறான். வனாந்தரத்து நாற்பது வருஷமும் ஜனங்களோடு அவையும் போயிருக்க வேண்டும். யோசுவா 24:32-இல்தான் சீகேமில், அவன் தகப்பன் யாக்கோபு வாங்கியிருந்த நிலத்தில் அடக்கம் நடக்கிறது. இந்த மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு யோசுவா 21:45-க்குத் திரும்புங்கள். கர்த்தர் சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை என்ற அந்த வரிக்கு அப்போது வேறு கனம் இருக்கும்.

ஒத்தவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் குறிப்புகள்) உள்ள வேதாகமம் இருந்தால் தேடும் வேலை குறையும். ஆனால் உடனே அவற்றுக்கு ஓடாதீர்கள். முதலில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்.

சில பக்கங்களில் கீழ்ப்பகுதி காலியாகவே நிற்கும். தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்கிறது 2 சாமுவேல் 7. சங்கீதம் 89 அதையே பாடிவிட்டு, பாதியில் திரும்பி, உடன்படிக்கையை ஒழித்துவிட்டீரே, கிரீடம் தரையில் கிடக்கிறதே என்று கர்த்தரிடமே முறையிடுகிறது. இதை அவிசுவாசம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாக்கை நம்பியவன்தானே இப்படிக் கேட்பான்? அந்த வரிகளையும் நோட்டில் எழுதுங்கள். கீழே எதையாவது எழுதி நிரப்ப அவசரப்படாதீர்கள்.

என் நோட்டில் அந்தப் பக்கம் பல மாதம் காலியாக இருந்தது. ஒரு காலையில் மத்தேயுவைத் திறந்தேன். இயேசுவை ஆபிரகாமின் குமாரன், தாவீதின் குமாரன் என்று முதல் வசனமே சொல்லித் தொடங்குகிறது. வம்சவரலாறுதானே என்று எப்போதும் தாண்டிப்போகிற வசனம். அதைப் பக்கத்தின் அடியில் எழுதினேன். மேலே எழுதியிருந்த முறையீட்டை அழிக்கவில்லை.