வெளிநாட்டு உதவிச் செய்தியை ஏமாறாமல் படிப்பது எப்படி?

"ஆப்பிரிக்காவுக்கு எவ்வளவு கொட்டினாலும் தேறாது" என்று காட்பாடி டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பணம் கொடுத்தால் போதும், ஏழை நாடு தானாக வளரும் என்பவரிடமும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

முதலில் தொகையை விடுங்கள், மானியமா கடனா என்று பாருங்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் உதவி என்றுதான் நம் பக்கம் சொல்வார்கள். அது ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்த கடன். வட்டி குறைவு, தவணை நீளம், ஆனாலும் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

அப்புறம் பணம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். பணக்கார நாடு தன் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் செய்யும் செலவைக்கூட உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், விதியே இடம் தருகிறது. எல்லையே தாண்டாத பணம் யாரை வளர்க்கும்?

அடுத்ததில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அதிக உதவி வாங்கும் நாடுகள் மெதுவாக வளர்கின்றன என்று ஒரு கிராஃப் போட்டுக் காட்டுவார்கள். காலையில் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாருங்கள், எதிர்ப்பக்க லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில், கையில் ஸ்கேன் கவரோடு கூட்டம் கூட்டமாக நோயாளிகள். ஊரில் வேறெங்கும் இத்தனை நோயாளி இல்லை, அதனால் ஆஸ்பத்திரிதான் நோயைத் தருகிறது என்பீர்களா? பஞ்சமும் போரும் வந்த இடத்துக்குத்தான் உதவியும் ஓடுகிறது. இந்தச் சிக்கலை விலக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பொருளாதார நிபுணர்கள் ரகுராம் ராஜனும் அரவிந்த் சுப்பிரமணியனும். உதவி வளர்ச்சியைக் கூட்டியது என்றோ குறைத்தது என்றோ சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்று 2008-ல் எழுதினார்கள்.

அவர்களே 2011-ல் சொன்ன இன்னொன்று நம்ம ஊருக்குச் சட்டென்று புரியும்: உதவி குவிந்த நாடுகளில் ஏற்றுமதித் தொழில்கள் பின்தங்கின. ஆம்பூரில் ஒருவர் ஒரு ஜோடி ஷூவை 20 டாலருக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். டாலர் 80 ரூபாய் என்றால் கைக்கு 1600. வெளியிலிருந்து டாலர் கொட்டி, ரூபாய் மதிப்பு ஏறி, டாலர் 70 ஆகிவிட்டால் 1400தான். தோலுக்கும் கூலிக்கும் 1500 ஆகிறது, அவர் என்ன செய்வார்? ஆர்டரை விட்டுவிடுவார். போதாக்குறைக்கு நல்ல சூப்பர்வைசரையும் அக்கவுண்டன்டையும் உதவித் திட்ட ஆபீஸ் கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

தென்கொரியாவைக் காட்டுவார்கள். 1950-களில் அமெரிக்க உதவியில் ஓடிய நாடு, 2010-ல் உதவி கொடுக்கிற நாடுகளின் குழுவிலேயே சேர்ந்துவிட்டது, சரி. ஆனால் நடுவில் ஏற்றுமதியில் அந்த அரசு காட்டிய பிடிவாதத்தைச் சொல்லாமல் விடுகிறார்களா என்று கவனியுங்கள்.

கடைசியாக, பணம் எதற்கு வந்தது என்று கேளுங்கள். உதவிப் பணமும் சேர்ந்து விரட்டிய பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவித்தார்களே, அதில் பிழைத்த குழந்தைகளை அந்த வருஷ ஜிடிபியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். துறைமுகத்துக்கும் மின்சாரத்துக்கும் வந்த பணத்தை வேண்டுமானால் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கேளுங்கள், அதுவும் எத்தனை கோடி என்று இல்லை, கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது என்று.